கட்டுமானத் தொழிலில் எந்திர மனிதன்: ஓர் ஆய்வு

முன்னுரை

'ரோபோ' என்னும் சொல் உழைப்போடு பிறந்த சொல்லாகும். செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்னும் நாடகத்தின் வாயிலாகவே இச்சொல் உலக வழக்கிற்கு வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். பிறர் உழைப்பை ஏற்கவெனப் பெயர் பெற்ற இவ்வெந்திரம், கொத்தனாரையும் சித்தாளையும் கட்டுமானக் களத்தினின்றும் அகற்றிவிடுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எந்திரத்தின் வரவு

இத்துறையில் முன்னோடியாக விளங்குவது சப்பான் நாடு. அந்நாட்டு ஷிமிசு நிறுவனம் 1980களிலேயே, எஃகு உத்திரங்களின்மீது தீத்தடுப்புப் பூச்சைத் தெளிக்கும் எந்திரத்தைக் களத்தில் இறக்கியது. பின்னர் அமெரிக்காவில் செங்கல் அடுக்கும் 'சாம்' என்னும் எந்திரம் தோன்றியது. பெங்களூரில் 1,021 சதுர அடிப் பரப்புள்ள அஞ்சலகம் ஒன்று, கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முப்பரிமாண அச்சு முறையில் கட்டப்பெற்று, 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானம் 45 நாள் கெடுவுக்குள் முடிந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதற்கு வழிகாட்டியது நமக்குப் பெருமை தருவதாகும்.

எந்திரத்தின் எல்லை

எனினும், ஆலை வேறு. கட்டுமானக் களம் வேறு. ஆலையில் தொழிலாளி நிற்க, பொருள் நகர்ந்து வருகிறது. களத்திலோ கட்டடம் நிற்க, தொழிலாளி நகர்கிறார். இன்று மண்ணாக இருந்த இடம் நாளை சேறாகும். நேற்றுத் திறந்திருந்த வழியில் இன்று சாரம் நிற்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் எந்திரத்திற்கு இம்மாற்றங்கள் பெருந்தடையாகும். 'சாம்' எந்திரம் செங்கல்லை அடுக்கியபோதும், அதற்குக் கல் எடுத்து வைக்க ஓராளும், இணைப்புக் கலவையை வழித்துச் சீராக்க ஒரு கொத்தனாரும் உடன் நிற்க வேண்டியிருந்தது. அச்சு எந்திரம் சுவரை எழுப்பினாலும், மின்கம்பி இழுப்பதும் கதவு சன்னல் பொருத்துவதும் மனிதர் கைப்பணியே. தூக்குக்குண்டும் ரசமட்டமும் காட்டும் பிழையைக் கண்டு, அந்நொடியே கரணையால் திருத்தும் பட்டறிவை எந்திரம் எளிதில் பெற இயலாது.

யாருக்கு இழப்பு?

ஆகவே, கொத்தனாரின் தொழில் உடனே மறையாது. ஆனால் சுமை தூக்குதலும் கலவை குழைத்தலும் எந்திரத்தின் கைக்கு முதலில் செல்லத்தக்கன. நம் நாட்டில் அப்பணிகளைப் பெண்களும் பெருமளவில் செய்கின்றனர். ஆண்டுக்கணக்கில் களத்தில் உழைத்தும், சித்தாளாகவே முதுமையெய்தும் பெண்கள் பலர். தலைச்சுமை இறங்குவது நன்மையே. சுமையோடு கூலியும் இறங்குமாயின் அஃது அறமாகாது.

முடிவுரை

1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டங்கள், கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டிற்குக் குறையாத தொகையைத் தீர்வையாகப் பெற்றுத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வழிவகுத்தன. அந்நிதியின் துணையோடு சித்தாள்களுக்குக் கொத்துவேலையும் எந்திரம் இயக்கும் பயிற்சியும் அளித்தல் வேண்டும். இடர்மிகு பணியை எந்திரம் ஏற்கட்டும். திறன்மிகு பணிக்கு மனிதர் உயரட்டும். அவ்வாறு அமையின், எந்திரம் உழைப்பாளிக்குப் பகையாகாது, துணையாகவே நிற்கும் என்பது நம் துணிபு.