மூன்றும் ஒருவர் கையில்

அன்புள்ள மருமகளுக்கு,

சட்டம் படிக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னா. நல்லது. அதற்கு முன் கண்டி அரசில் நீதி எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். கண்டி எசல பெரஹராவில் எல்லாருக்கும் முன்னால் சவுக்கைச் சொடுக்கிக்கொண்டு வருவார்களே, தெரியும்தானே? அந்த அரசின் தலைமை அமைச்சரான அதிகார் வெளியே புறப்பட்டாலும் முன்னால் சவுக்குச் சத்தம் கேட்கும். அரசனுக்கு ஆலோசனை சொல்வது, படை நடத்துவது, வழக்குத் தீர்ப்பது மூன்றும் அவர் வேலை. அமெரிக்காவிலும் ஆரம்ப காலத்தில் ஒருவரே சட்டசபை உறுப்பினராகவும் குடிப்படை அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்ததுண்டு. ஆனால் சட்டசபைக்கு அவரை ஊரார் தேர்ந்தெடுத்தார்கள். அதிகாரை நியமித்தவன் அரசன்.

அதிகாருக்குக் கீழே மாகாணங்களை ஆள்பவர் திசாவை. காணி வைத்திருப்பவன் இராசகாரியமாக, அதாவது காணிக்கு ஈடாக அரசனுக்குச் செய்யும் ஊழியமாக, ஆயுதம் தூக்க வேண்டும்; சாப்பாட்டுக்கு அரிசியும் அவனே கொண்டுபோக வேண்டும். அவனைப் படைக்குத் திரட்டுவது திசாவை. காணித் தகராறு வந்தால் அவன் போய் நிற்பதும் அதே திசாவையிடம். கொதிக்கும் எண்ணெயில் கையை முக்கிச் சத்தியம் செய்யச் சொல்வதும் உண்டு. வென்றவனுக்குத் தீர்ப்பை ஓலையில் எழுதிக் கொடுப்பார்கள்; அதற்குச் ‘சிட்டு’ என்று பெயர். மரண தண்டனை மட்டும் அரசனுக்கே உரியது.

முதலாம் அதிகாராக இருந்த எஹெலபொல 1814இல் அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எதிர்த்துக் கிளம்பி, தோற்று, ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். மனைவி மக்கள் கண்டியில் அகப்பட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது. மனைவி குமாரிஹாமியைப் போகம்பரை வாவியில் மூழ்கடித்தார்கள். அண்ணன் தயங்க, சின்னவன் மத்தும பண்டார முன்னுக்கு வந்து நின்றதை இன்றும் சொல்லி அழுவார்கள். அழ வேண்டியதுதான். ஆனால் அந்த அரசின் பெரிய நீதிபதியாக இருந்தவர் அவன் அப்பாதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிறகு கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1815 மார்ச் 2ஆம் திகதி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தம் சித்திரவதையை ஒழித்தது. ஆளுநரின் ஆணையில்லாமல் மரண தண்டனை கூடாது என்றது. எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தங்களுக்கு எதிரான 1818 கிளர்ச்சியின்போது எஹெலபொலவைச் சந்தேகத்தில் பிடித்த ஆங்கிலேயர், விசாரணையே இல்லாமல் வைத்திருந்து 1825இல் மொரீஷியஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். ஊருக்கெல்லாம் வழக்குக் கேட்டவரின் வழக்கைக் கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.

இராசகாரியம் 1832இல் போனது. அடுத்த வருடம் புதிய நீதிமன்ற ஒழுங்கும் சட்டசபையும் வந்தன. ஆனாலும் அந்தச் சட்டசபையில் கண்டிச் சிங்களவருக்கென்று தனி ஆசனம் கிடைக்க 1889 ஆகிவிட்டது.

கண்டியில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த ஜோன் டொயிலி கண்டி அரசின் அமைப்பைப் பற்றி எழுதிவைத்த நூல் ஒன்று இருக்கிறது. சட்டப் புத்தகங்களைத் தொடுமுன் அதைத் தேடிப் படி.

அன்புடன்,
மாமா