குருமடத்துப் பிள்ளைக்கும் மனசு உண்டு!

"எம்மா, எனக்கு அங்க இருக்கவே பிடிக்கல்ல. திரும்பி வந்துரட்டுமா?"

விடுமுறைக்கு வந்த மகன், சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் இப்படிக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "ஊர்ல என்னலே சொல்லுவாவ? சாமியாருக்குப் படிக்கப் போனவன் பாதியில வந்துட்டாம்னு பேசுவாவளே!" என்று வாயில் வந்துவிடும். அவ்வளவுதான். பையன் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டான்.

தாமிரபரணிக் கரையில் பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுப்பது குடும்பப் பெருமை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த சி.எஸ்.ஐ. பிள்ளைகள், மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். கத்தோலிக்கப் பையன்கள் குருமடம் போகிறார்கள். பெருமை இருக்கட்டும். அந்தப் பெருமையே பிள்ளையின் வாயை அடைத்துவிடக் கூடாது, இல்லையா?

ஏன் தவிக்கிறார்கள்?

ப்ளஸ் டூ முடித்த பதினேழு, பதினெட்டு வயது. அம்மா கைச் சாப்பாடு இல்லை. எழுவது, படிப்பது, ஜெபிப்பது எல்லாம் மணி அடித்தால்தான். தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு ஆங்கிலப் பாடம் மலையாகத் தெரியும். கத்தோலிக்கக் குருத்துவப் படிப்பில் தத்துவமும் இறையியலும் மட்டுமே குறைந்தது 6 ஆண்டுகள். தத்துவப் பாடம் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கும். சிறு வயது முதல் நம்பியதே ஆட்டம் காண்பது போல இருக்கும். "நமக்கு நிஜமாகவே அழைப்பு உண்டா?" என்ற சந்தேகமும் எழும். சந்தேகம் வருவது பாவமல்ல. வளர்ச்சியின் ஒரு பகுதிதான்.

வறட்சியா, நோயா?

ஜெபத்தில் மனம் ஒட்டாத வறட்சி மிகப் பழைய அனுபவம். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நண்பகலில் சூரியன் நகராதது போல இருக்கும், குடிசை கசக்கும், வேறெங்காவது ஓடலாம் என்று தோன்றும். இப்படிப்பட்ட இருண்ட நேரத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை.

ஆனால் எல்லாமே வறட்சி அல்ல. மனச்சோர்வு என்பது வைத்தியம் தேவைப்படும் நோய். வித்தியாசம் எப்படித் தெரியும்? வறட்சியில் இருப்பவனுக்கு ஜெபம் கசந்தாலும் பந்து விளையாட்டு இனிக்கும். நண்பனின் ஜோக்குக்குச் சிரிப்பான். மனச்சோர்வு வந்தவனுக்குப் பெரும்பாலும் எதிலுமே ருசி இராது. தூக்கமின்மை, பசியின்மை, அசதி, கவனச் சிதறல், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுதும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "ஜெபம் பத்தல்ல, அதான்" என்று சொல்வது எரியும் புண்ணில் உப்பு வைப்பதுதான். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அப்போது மருந்தும் வேண்டும், ஜெபமும் வேண்டும்.

யாரிடம் மனம் திறப்பது?

"உள்ளதைச் சொன்னா வெளிய அனுப்பிருவாங்களோ?" என்பதுதான் பல பிள்ளைகளின் பயம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதற்குப் பாதுகாப்பு தந்திருக்கிறது. ஒவ்வொரு குருமடத்திலும் ஓர் ஆன்ம குருவாவது இருக்க வேண்டும். ஒரு மாணவரைக் குருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது ஆன்ம குருவிடமோ, பாவசங்கீர்த்தனம் கேட்டவரிடமோ கருத்துக் கேட்கவே கூடாது. (சட்டம் 240). ஆகவே அவரிடம் தயங்காமல் மனசைக் கொட்டலாம். இறையியல் கல்லூரிப் பிள்ளைகள் நம்பிக்கையான ஆசிரியரிடமோ, ஊர்ச் சபை ஐயரிடமோ பேசலாம்.

மனநல நிபுணரிடம் போவதும் விசுவாசக் குறைவு அல்ல. 2016-ல் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி வழிமுறையே அதை அனுமதிக்கிறது. மாணவரின் எழுத்துபூர்வமான சம்மதம் மட்டும் வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

வீட்டார் கவனிக்க

* போனில் "நல்லா ஜெபிக்கியா?" என்பதற்கு முன்னால் "நல்லாத் தூங்குதியா? சாப்பிடுதியா?" என்று கேளுங்கள்.

* "எங்க மானத்தைக் காப்பாத்து" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

* பேசி முடிக்கும் வரை குறுக்கே புத்தி சொல்லாதீர்கள்.

* "செத்துரலாம்னு தோணுது" என்றால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தூரத்தில் இருந்தால் உடனே அதிபருக்குத் தகவல் சொல்லி, நீங்களும் கிளம்புங்கள்.

* சோர்ந்திருக்கும்போது முடிவெடுக்க அவசரப்படுத்தாதீர்கள். உடம்பும் மனசும் தேறட்டும்; பிறகு ஆன்ம குருவோடு அவனே நிதானமாக யோசிக்கட்டும்.

தெளிந்த பிறகும் "இது என் வழி இல்லை" என்றால்? வரட்டுமே! குருப்பட்டத்துக்கு யாரையும் வற்புறுத்துவதைத் திருச்சபைச் சட்டமே தடை செய்கிறது. (சட்டம் 1026). கட்டாயத்தில் நிற்கும் குருவைவிட, மனத் தெளிவோடு வீடு திரும்பிய மகன் மேல்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஊரை மறந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னலே ஆச்சு, அம்மாட்ட சொல்லு" என்று கேளுங்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கும்.