இரவு ஒரு மணி தே தாரிக்

போன மாதக் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, எனக்கு எதுவுமே பிடிக்கல. படிக்கவும் மனசு வரல. நான் சோம்பேறி ஆயிட்டேனா?" நின்ற இடத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் எனக்குள் கேட்டிருக்கிறேன்.

எஸ்.டி.பி.எம் முடித்து, சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்த முதல் வருடம். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். இரவு 11 மணிக்கு மேல்தான் எங்களுக்குப் பொழுது விடியும். அசைன்மெண்ட் என்று உட்காருவோம், ஒரு மணிக்குப் பசிக்கும், மாமாக் கடைக்குப் போவோம். மேகி கோரேங், தே தாரிக், திரையில் கால்பந்து. திரும்பி வந்து படுத்தால் கையில் போன். கண் மூட 4 மணி ஆகும். காலை 8 மணி வகுப்புக்கு யார் எழுந்தது? சனி, ஞாயிறு என்றால் மதியம் இரண்டு மணி வரை தூக்கம்.

இரண்டாம் செமஸ்டரில் அம்மா கூப்பிட்டாலும் போனை எடுக்காமல் இருந்தேன். சாப்பாடு ருசிக்கவில்லை. ஒருநாள் குளியலறையில் காரணமே தெரியாமல் அழுதேன். முதல் செமஸ்டரில் 3.4 வாங்கியவன் 2.1-க்கு இறங்கினேன். கல்விக் கடன் வேறு தலைக்கு மேல். "ஒழுங்கா சாமி கும்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்றார் அத்தை. கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு 4 மணிக்குத்தான் தூங்கினேன்.

அறை நண்பன்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை மாணவர் ஆலோசகரிடம் கூட்டிப்போனான். எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்றுதான் அவர் முதலில் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்க்கையே இடிஞ்சு கிடக்கு, இவங்க தூக்கத்தைக் கேக்குறாங்களே!

ஆனால் அவர் சொன்னது நியாயம். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது கூடக் கூடத் தூக்கம் வரும். தேநீரிலும் காப்பியிலும் இருக்கிற கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் களைப்பு மூளைக்குத் தெரியாது. குடித்த கஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். இரவு ஒரு மணி தே தாரிக், காலை 6 மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கிறது. படித்தது நினைவில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் சின்னச் சொல்கூடப் பெரிதாகக் குத்தும். சரி, வார இறுதியில் ஈடுகட்டலாம் என்று மதியம் வரை படுத்தால் உடம்பின் கடிகாரம் வாராவாரம் வெளிநாடு போய் வந்த மாதிரி குழம்பிவிடும்.

கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் உணவுக்கும் உறக்கத்துக்கும் அளவு வேண்டும் என்று வருவதை ஞாயிறு வகுப்பில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது யோகிகளுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்!

நான் மாற்றியது தூங்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை. வா என்றால் தூக்கம் வராது. ஆனால் எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது. தினமும் காலை 7 மணி, ஞாயிற்றுக்கிழமையும்தான். எழுந்ததும் வெயில் முகத்தில் படும்படி விடுதியைச் சுற்றி 20 நிமிட நடை. மதியம் 3 மணிக்கு மேல் தேநீர் இல்லை. போனுக்குச் சார்ஜ் கட்டிலில் இல்லை, கதவோரம். முதல் வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் அம்மாவின் அழைப்பை எடுத்துப் பேசினேன்.

தூங்கினால் எல்லாம் தீரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டால் மனம் சோரும். மனச்சோர்வு நோய் வந்தாலும் தூக்கம் கெடும். எது முதலில் வந்தது என்று நாமே கண்டுபிடிப்பது கஷ்டம். நானும் பல மாதம் ஆலோசகரிடம் போனேன். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்தால், பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து வாய் மூடி இருக்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு எழுந்தான், கடைசித் தேநீர் எப்போது, அன்றைக்கு மனசு எப்படி என்று 14 நாள் எழுதுவான். அதற்கு முன்பே, வருகிற செவ்வாய்க்கிழமை, அவனுடைய பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்க நானும் கூடப் போகிறேன். முடிந்ததும் மாமாக் கடை என்று நிபந்தனை போட்டிருக்கிறான். பகல்தானே, சரி என்றேன்.