பவர் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

அன்புள்ள மருமகனுக்கு,

ஒருவர் தமக்காகச் செயல்படவோ, பிறரோடு கொள்ளும் நடவடிக்கைகளில் தம் சார்பில் நிற்கவோ இன்னொருவரை அமர்த்தினால், அமர்த்துபவரை முதல்வர் என்றும் அமர்த்தப்படுபவரை முகவர் என்றும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அழைக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பவர் கொடுத்தவர், பவர் ஏஜென்ட் என்று வழங்கப்படுவோர் இவர்களே. முகவருக்குக் கூலி பேசியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. உறவின் பொருட்டுச் செய்யும் உதவிக்கும் அதே பொறுப்பு உண்டு. ஆகவே, சிங்கப்பூரில் வாழும் சித்தப்பா தம் ஒரகடத்து நிலத்துக்கு மருமகனைப் பவர் ஏஜென்ட்டாக்க விரும்புவதை வீட்டு வேலைகளில் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலையும் தொடங்கிய பிறகு, சுற்றுப்புற நிலங்கள் மனைப்பிரிவுகளாக மாறி விலை ஏறின. உரிமையாளர் ஓரிடத்திலும் நிலம் வேறிடத்திலும் இருக்க, பவர் பத்திரமே பல விற்பனைகளுக்கு வழியாயிற்று. பவர் வாங்கியவரே உரிமையாளர் என்ற தவறான நம்பிக்கையும் அதோடு வளர்ந்தது. பொது அதிகார ஆவணத்தின் மூலம் செய்யப்படும் 'விற்பனை' நிலத்தின் உரிமையை மாற்றாது என்று, சூரஜ் லேம்ப் வழக்கில் 11.10.2011 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெருங்கிய உறவினருக்கு நிர்வாகத்துக்காகவோ, கிரயப் பத்திரம் எழுதித் தருவதற்காகவோ உண்மையாகக் கொடுக்கும் பவரை அத்தீர்ப்பு பாதிக்கவில்லை. சித்தப்பா கொடுக்கவிருப்பது அவ்வகையே.

முகவரின் அதிகாரம் எதுவரை என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நிலத்தைப் பராமரிக்கவும் அலுவலகங்களில் மனு கொடுக்கவும் அதிகாரம் பெற்றவர் அதை விற்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற பொன்னியம்மன் கல்வி அறக்கட்டளை வழக்கில், 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது: கிரயப் பத்திரம் எழுதித் தருவது, அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்வது, எழுதிக்கொடுத்ததைப் பதிவு அலுவலர் முன் ஒப்புக்கொள்வது ஆகிய அதிகாரங்கள் ஆவணத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். எல்லைக்குள் முகவர் செய்தவை முதல்வரே செய்தவை போல அவரைக் கட்டுப்படுத்தும். எல்லை மீறியதை முதல்வர் பின்னர் ஏற்கலாம். ஏற்க மறுத்தால், இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டி நம்பவைத்த முகவரே எதிர்த்தரப்பின் இழப்பை ஈடுசெய்ய நேரும்.

கணக்கு கேட்டால் காட்டுவதும், முதல்வருக்காகப் பெற்ற பணத்தைத் தனக்குரிய செலவும் ஊதியமும் போக ஒப்படைப்பதும் முகவரின் கடமை. முகவர் அந்நிலத்தை வேறொருவர் பெயரில் தாமே வாங்கிக்கொண்டு உண்மையை மறைத்தால், முதல்வர் அந்த விற்பனையை மறுத்துவிடலாம். வாங்குபவரிடம் இரகசியமாகக் கமிஷன் பெறுவது இவ்வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டதென்று சிலர் சொல்லக்கூடும். வழக்கம் அதை நேர்மையாக்காது, அந்த ஆதாயத்தைக் கேட்டுப்பெறும் உரிமையும் முதல்வருக்கு உண்டு.

முதல்வர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முகமை முடிவுறும் என்பதைப் பலர் அறிவதில்லை. முகவருக்கே அந்தச் சொத்தில் தனி நலன் இருந்தால் விதிவிலக்கு உண்டு. மருமகனுக்கு அத்தகைய நலன் ஏதும் இல்லை. எனவே சித்தப்பாவின் காலத்துக்குப் பின் அந்தப் பவரைக் கொண்டு நிலத்தை விற்க இயலாது. வாரிசுகள் சார்பில் நிலத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை மட்டும் எஞ்சும்.

சிங்கப்பூரில் எழுதப்படும் பவர் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்தாகிச் சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்தப்பட வேண்டும். வரைவு வந்ததும் விற்பனை அதிகாரம், கணக்கு ஒப்படைக்கும் முறை, பணம் செல்ல வேண்டிய வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே மருமகன் சம்மதம் சொல்ல வேண்டும்; அதுவரை எந்த வாங்குபவரிடமும் முன்பணம் பெறக் கூடாது.

அன்புடன்,
மாமா