அரக்குச் சிறகுப் பறவை

உறைகளுக்கு முத்திரையிட உருக்கும் செவ்வரக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வரக்கைத் துளித்துளியாக எடுத்துச் சிறகின் நுனிகளில் வைத்தாற்போலத் தோன்றும் பறவையொன்று வடபுலத்துக் காடுகளில் வாழ்கின்றது. ஆங்கிலேயர் அதனை ‘வேக்ஸ்விங்’ என்பர். உண்மையில் அத்துளிகள் அரக்கல்ல. இறகின் தண்டே நுனியில் தட்டையாகிச் செந்நிறம் பெற்றுள்ளது. சுவீடன் நாட்டார் இப்பறவையைப் ‘பட்டுவால்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர்.

இது மைனாவினும் சிறியது. தலையில் கொண்டையும், கண்ணையொட்டிக் கரும்பட்டையும், வால் நுனியில் மஞ்சள் நிறமும் உடையது. பாடும் பறவையினத்தைச் சார்ந்ததாயினும் இதற்குப் பாட்டென்று ஒன்றில்லை. மணியொலி போன்ற மெல்லிய நடுங்கொலியே உண்டு. தனக்கென எல்லை வகுத்துக் காக்காத பறவைக்குப் பாட்டு எதற்கு?

கோடையில் நார்வே, பின்லாந்து, உருசியா முதலிய நாடுகளின் ஊசியிலைக் காடுகளில் கூடுகட்டிக் கொசு முதலிய பூச்சிகளைப் பிடித்துண்ணும். பனிக்காலம் வந்ததும் பூச்சிகள் மறையும். அப்பொழுது ‘ரோவன்’ என்னும் மரத்தின் செங்கனிகளே இதன் உயிர்க்கு ஆதாரமாகின்றன. அக்கனிகளில் இனிப்பு மிகுதி. புரதமோ மிகக் குறைவு. ஆதலின் இப்பறவை ஒரு நாளில் தன் எடையினும் மிகுதியான கனிகளை விழுங்குகின்றது. விடாய் தணிக்கப் பனியையும் தின்னும். விழுங்கிய விதைகளை வேறிடங்களில் எச்சத்துடன் இடுதலால் மரமும் பயன் பெறுகின்றது.

மரத்திலேயே தங்கிப் புளித்த கனிகளில் கள்ளின் தன்மை உண்டாகும். அதனைத் தாங்குமாறு இதன் ஈரல் உடலளவுக்குப் பெரிதாக அமைந்துள்ளது. எனினும், அளவு மிஞ்சித் தின்றவை தள்ளாடிப் பறந்து வீட்டுச் சாளரக் கண்ணாடிகளில் மோதி இறப்பதும் உண்டு.

ரோவன் மரம் ஓராண்டு மிகுதியாகக் காய்த்தால் மறு ஆண்டு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பறவைகள் பெருகியிருக்கும் காலத்தில் கனிகள் பொய்த்தால், அவை ஆயிரக்கணக்கில் திரண்டு பிரிட்டன், செருமனி, ஆலந்து முதலிய நாடுகட்குப் பறந்து வரும். பல ஆண்டுகள் காணாதிருந்து திடீரென வந்த இவற்றைக் கண்டு முற்காலத்தார் அஞ்சினர். போரும் கொள்ளைநோயும் வருவதற்கு அறிகுறி என்றனர். ஆலந்து மொழியில் இன்றும் இதற்குக் ‘கொள்ளைநோய்ப் பறவை’ என்றே பெயர். பசியால் வந்த விருந்தினருக்கு வாய்த்த பெயர் அது!

இன்று அந்நகரங்களில் சாலையோர ரோவன் மரங்களில் இவை வந்திறங்கினால் மக்கள் மகிழ்ந்து கூடிப் பார்க்கின்றனர். ஒரு மரத்தின் கனிகள் தீர்ந்ததும் கூட்டம் முழுவதும் ஒருங்கே எழுந்து அடுத்த மரத்தை நாடிச் செல்கின்றது.