தமிழ் நாடகத் தந்தை

மாணவர்களே,

பள்ளி ஆண்டு விழா வருகிறது. "தமிழ் நாடகத்தில் யார் நடிக்கிறீர்கள்?" என்று ஆசிரியர் கேட்கிறார். உங்களில் சிலர் உடனே கை தூக்குவீர்கள். வேறு சிலர் வீட்டுக்குப் போய், "தமிழ் நாடகமா? எனக்கு வேண்டாம்மா!" என்று சொல்வீர்கள்.

அப்படிச் சொல்பவர்களைப் போலவே தமிழ் நாடகத்தை விரும்பாத ஒரு சிறுவன் சென்னையில் இருந்தான். பிற்காலத்தில் அவனையே எல்லோரும் 'தமிழ் நாடகத் தந்தை' என்று அழைத்தார்கள். இது எப்படி நடந்தது? வாருங்கள், படிப்போம்.

வேண்டாம் என்ற சிறுவன்

அவர் பெயர் பம்மல் சம்பந்தனார். 1873ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. ஆங்கில நாடகங்களை அவர் ஆசையோடு படித்தார். ஆனால் தமிழ் நாடகம் என்றால் அவருக்குப் பிடிக்காது.

ஏன் தெரியுமா? அந்தக் காலத்து நாடகங்கள் இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும். பேச்சு குறைவு, பாட்டுதான் அதிகம். நடிகர்களிடம் திறமை இருந்தது. ஆனால் ஊரில் அவர்களுக்கு மதிப்பு இல்லை. 'கூத்தாடி' என்று கேலி செய்தார்கள். "படிச்ச பிள்ளை மேடை ஏறலாமா?" என்று கேட்ட காலம் அது.

மனம் மாறிய ஆண்டு

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்தியவர் கிருஷ்ணமாச்சாரியார் என்ற வழக்கறிஞர். அவர்கள் தெலுங்கில் நாடகம் போட்டார்கள். சம்பந்தனார் அதைப் பார்த்தார். படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள் மேடையில் நடிப்பதைக் கண்டு வியந்தார்.

தெலுங்கில் இப்படிச் செய்ய முடிகிறது. தமிழில் ஏன் முடியாது?

இந்தக் கேள்வி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள், சில நண்பர்களோடு 'சுகுண விலாச சபை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18தான்!

எழுதினார், இயக்கினார், நடித்தார்

சபையில் சம்பந்தனாருக்கு நிறைய வேலை இருந்தது. நாடகத்தை எழுதினார். யார் எந்த வேடம் போடுவது என்று முடிவு செய்தார். ஒத்திகையில் எப்படிப் பேசுவது, எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுத்தார். தானும் நடித்தார்.

பாட்டைக் குறைத்தார். பாத்திரங்களை உரைநடையில் பேச வைத்தார். நாடகம் சில மணி நேரத்தில் முடிந்தது. பார்க்க வந்தவர்கள் விடியும் வரை கண் விழிக்க வேண்டியதில்லை.

அந்தச் சபையில் பெண் வேடத்திலும் ஆண்களே நடித்தார்கள். சம்பந்தனார் கதாநாயகனாக வந்தால், அவருடைய நண்பர் ரங்கவடிவேலு கதாநாயகியாக வருவார்.

ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் கதைகளையும் சம்பந்தனார் தமிழுக்குக் கொண்டு வந்தார். பெயர்களை எப்படி மாற்றினார் பாருங்கள். 'ஹாம்லெட்' என்ற இளவரசன் 'அமலாதித்யன்' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். சொல்லிப் பாருங்கள், ஓசை ஒன்று போல இருக்கிறது, இல்லையா?

அவர் எழுதிய 'மனோகரா' மிகவும் புகழ் பெற்றது. தன் தாய் படும் துன்பத்தைப் பொறுக்க முடியாத ஓர் இளவரசனின் கதை அது. பின்னர் அது திரைப்படமாகவும் வந்தது. 1954இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் மனோகரனாக நடித்தார்.

நீதிபதியும் நடிகரும்

சம்பந்தனார் வழக்கறிஞராக வேலை பார்த்தார். பிறகு நீதிபதியும் ஆனார். அதற்காக நாடகத்தை விட்டுவிடவில்லை. அவரைப் பார்த்துப் படித்தவர்கள் பலர் மேடைக்கு வந்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபையில் நடித்தவர்தான். இலங்கைக்கும் சென்று சபையினர் நாடகம் போட்டார்கள். 'கூத்தாடி' என்ற கேலி மெல்ல மெல்லக் குறைந்தது. நடிகரைக் 'கலைஞர்' என்று மதிக்கும் காலம் வந்தது.

அவர் 90க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1964இல், தம் 91ஆம் வயதில் காலமானார்.

மாணவர்களே, தமிழ் நாடகம் சம்பந்தனாருக்குப் பிடிக்கவில்லை. அதற்காக அவர் விலகிப் போய்விடவில்லை. தமக்குப் பிடித்த மாதிரி ஒரு நாடகத்தைத் தாமே எழுதினார். உங்கள் பள்ளி நாடகம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், "நாங்களே ஒண்ணு எழுதட்டுமா?" என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

சொற்பொருள்

ஒத்திகை – மேடை ஏறும் முன் செய்யும் பயிற்சி
வேடம் – நாடகத்தில் ஒருவர் ஏற்கும் பாத்திரம்
உரைநடை – பாட்டாக இல்லாத பேச்சு அல்லது எழுத்து

விடை சொல்லுங்கள்

1. சிறுவயதில் சம்பந்தனாருக்குத் தமிழ் நாடகம் ஏன் பிடிக்கவில்லை?
2. எந்த நாடகக் குழு அவர் மனத்தை மாற்றியது?
3. ஒரு நீதிபதி மேடையில் நடித்தால் ஊரார் என்ன நினைத்திருப்பார்கள்? உங்கள் கருத்தைக் கூறுங்கள்.

பேசி நடிப்போம்

நாடகத்தில் இளவரசன், "தாயே, நான் புறப்படுகிறேன்" என்பான். சென்னையில் ஒரு பையன், "அம்மா, நான் கெளம்புறேன்" என்பான். யாழ்ப்பாணத்தில், "அம்மா, நான் வெளிக்கிடுறன்" என்பான். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? நண்பரோடு சேர்ந்து நான்கு வரி உரையாடல் எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுங்கள்.