ராட்டினத் திடலில் ஓர் இரண்டு வயதுக்காரர்

நாசரேத்தில் ரயிலேறினால் ஒரு பக்கம் திருச்செந்தூர், மறுபக்கம் திருநெல்வேலி. நம் பகுதியில் ராட்டினத்துக்குக் குறைவில்லை. தூத்துக்குடியில் ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை பனிமய மாதா பேராலயத் திருவிழா. புரட்டாசியில் குலசேகரன்பட்டினத்துத் தசரா. பெரிய கேளிக்கைப் பூங்காவாகவே பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்கு அருகே பரவையில் ‘அதிசயம்’, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., இன்னும் தொலைவில் கொச்சியிலும் பெங்களூரிலும் ‘வொண்டர்லா’ என்று பட்டியல் நீளும்.

விடுமுறையில் குடும்பத்தோடு இப்படி ஓர் இடத்துக்குப் புறப்படும்போது உங்களுடன் கட்டாயம் ஒருவர் வருவார். அவருக்கு வயது இரண்டு. தம்பியாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், அக்காள் பிள்ளையாகவும் இருக்கலாம். “கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்” என்று அம்மா அவரை உங்கள் கையில்தான் பிடித்துக் கொடுப்பார்கள். ஆகவே இந்தப் பாடம் உங்களுக்கு.

பூங்காவில் ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தலை தொடாத பிள்ளையை ஊழியர் உள்ளே விடமாட்டார். உடனே வரிசையில் ஒரு வழக்குத் தொடங்கும். “சின்னப் பிள்ளைதானே! மடியில் வைத்துக்கொள்கிறோம். ஒரு சுற்றுதானே!” நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். திருவிழா ராட்டினத்தில் அளவுகோலே இல்லாமல் இருப்பதும் உண்டு; அங்கே இந்த வழக்கில் பெரும்பாலும் பெற்றோரே வென்றுவிடுகிறார்கள். வெல்லக் கூடாத வழக்கு இது. ஏன் என்று பார்ப்போம்.

வயதைக் கேட்காமல் உயரத்தைக் கேட்பது ஏன்?

அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் ‘ஸ்பேஸ் மவுண்டன்’ என்ற இருட்டு ரோலர் கோஸ்டரில் ஏற 102 செ.மீ. உயரம் வேண்டும். இதைவிட வேகமான வண்டிகளுக்குப் பல நாடுகளில் 122 செ.மீ. கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 87 செ.மீ. நான்கு வயதில் 103 செ.மீ. ஏழு வயதில்தான் 121 செ.மீ. வருகிறது. ஆக, 102 என்ற கோடு சுமார் நான்கு வயதையும், 122 என்ற கோடு சுமார் ஏழு வயதையும் குறிக்கிறது. அப்படியானால் வயதையே கேட்டுவிடலாமே என்பீர்கள். இருக்கையும் அதில் பூட்டும் தண்டும் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. உடலின் அளவைத்தான் பார்க்கின்றன.

இரண்டு வயதுக்காரர் பெரியவரின் சுருக்கப் பதிப்பு அல்லர். இதுதான் இந்தப் பாடத்தின் மையம். ஒரு பெரியவரின் படத்தைப் பாதியாகச் சுருக்கினால் குழந்தையின் படம் கிடைக்காது. பெரியவரின் உயரத்தில் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு அது நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயதில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னொரு விதமாகவும் சொல்லலாம். இரண்டு வயதில் உடலின் உயரம் பெரியவரில் பாதிதான் ஆகியிருக்கிறது. தலையின் சுற்றளவோ 48 செ.மீ. வந்துவிட்டது, பெரியவருக்கே அது 56 செ.மீ. அளவுதான்.

உங்கள் தாத்தாவிடம், ஒன்றாம் வகுப்பில் அவரை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்த நாட்களில் தலைமையாசிரியர், “வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடு” என்பார். தொட்டால் ஐந்து வயது, பள்ளியில் இடம் உண்டு. தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வரவேண்டும். வேடிக்கையான சோதனைதான், ஆனால் மூடத்தனமானது அல்ல. தலை பெரிதாகவும் கை குட்டையாகவும் இருக்கும் பருவம் கடந்துவிட்டதா என்பதை அது அளந்தது. பூங்காவின் அளவுகோலும் அந்தத் தலைமையாசிரியரின் உறவினர்தான்.

பெரிய தலையால் என்ன தொல்லை? உடலின் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடுகிறது. பெரியவர் நிற்கும்போது அது இடுப்பை ஒட்டி இருக்கும். சிறு குழந்தைக்கு அது தொப்புளுக்கு மேலே. தலைப்பகுதி கனத்த எந்தப் பொருளும் எளிதில் கவிழும். வண்டி திடீரென்று நின்றால் பெரியவர் முன்னால் குனிவார், நிமிர்வார். குழந்தையோ தலை முதலாகப் பாயும். அந்தக் கனத்தைப் பிடித்து நிறுத்தும் கழுத்துத் தசைகளும் இன்னும் வலுவடையவில்லை.

இப்போது “மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்ற வாதத்துக்கு வருவோம். தொடைக்கு மேல் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புத் தண்டைக் கவனித்திருப்பீர்கள். அது பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் குழந்தையின் தொடைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி மிஞ்சும். அந்த வழியாக அதன் உடல் முழுவதும் நழுவிவிட முடியும். மடியில் வைத்தாலோ பூட்டே சரியாக விழாது. குழந்தையைத் தாங்குவது உங்கள் கை மட்டுமே. கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம்.

குடை ராட்டினத்துக் கணக்கு

கோடை மழை பெய்த மறுநாள் நுங்கு வண்டி உருட்டியிருக்கிறீர்களா? சக்கரத்தில் ஒட்டிய சேறு தெறித்துச் சட்டையில் விழும். சுழலும் பொருள் ஒவ்வொரு கணமும் நேர்கோட்டில் போகவே பார்க்கிறது. அதை உள்நோக்கி இழுத்துப் பிடித்தால்தான் வட்டத்தில் நிற்கும். பிடி போதாவிட்டால் சேறுபோல் தெறித்துவிடும். ராட்டினக் குதிரையில் இருப்பவருக்கு யாரோ தம்மை வெளியே தள்ளுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

மையத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி ஒரு குதிரை. ராட்டினம் ஒரு சுற்றுக்கு 10 வினாடி எடுக்கிறது என்று கொள்வோம். மையநோக்கு முடுக்கம் காண, பையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி (39.5), அதை ஆரத்தால் பெருக்கி, சுற்று நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 39.5 × 4 ÷ 100 = 1.58. இது புவியீர்ப்பு முடுக்கமான 9.8-இல் ஆறில் ஒரு பங்கு. பிள்ளையின் எடை 12 கிலோ என்றால், 2 கிலோப் பையைத் தூக்கும் அளவு பிடி போதும். பயமில்லை.

இனி ராட்டினக்காரர் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு வேகத்தை இரட்டிப்பாக்குகிறார். சுற்றுக்கு 5 வினாடி. விசை இரண்டு மடங்காகுமா? இல்லை, நான்கு மடங்கு! 39.5 × 4 ÷ 25 = 6.32. இப்போது ஏறக்குறைய 8 கிலோவை இழுத்துப் பிடிக்க வேண்டும். 12 கிலோப் பிள்ளையின் பிஞ்சுக் கை அதைப் பிடிக்காது. வேகம் கொஞ்சம் கூடினாலும் விசை தாவிக் கூடும் என்பதை “ஒரு சுற்றுதானே” என்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேகம் மாறாமல் ஆரம் பாதியானால் விசையும் பாதியாகும். ஆகவே மெதுவாகச் சுழலும் குடை ராட்டினத்தில் பிள்ளையை ஏற்றுவதானால் உள்வரிசைக் குதிரையைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நின்று அணைத்துக்கொள்ளட்டும்.

இறங்கியபின் ஒரு வேடிக்கை நடக்கும். தம்பி “இன்னொரு தடவை” என்பான்; உங்களுக்கோ வாந்தி வரும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பயணக் குமட்டல் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் அரிது. பள்ளி வயதில்தான் மிகுதி.

வெயிலும் கருப்பட்டியும்

முழுக் கருப்பட்டியை நீரில் போட்டால் கரைய நேரமாகும். உடைத்த சில்லுகள் சட்டென்று கரைந்துவிடும். பொருள் சிறிதாகச் சிறிதாக அதன் பருமனுக்கு ஏற்ற மேற்பரப்பு கூடுகிறது. குழந்தையின் உடலும் அப்படித்தான். ஒவ்வொரு கிலோ எடைக்கும் பெரியவரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் தோல்பரப்பு அதற்கு உண்டு. காற்று உடலைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் அந்த வழியாகப் பிள்ளைக்குள் விரைந்து ஏறும். வியர்க்கும் திறனும் பெரியவரைவிடக் குறைவு. தூத்துக்குடிக் கடற்கரையின் ஈரக்காற்றில் வந்த வியர்வையும் எளிதில் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. போதாக்குறைக்கு அவர் முகம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கொதிக்கும் சிமெண்டுத் தரைக்கு நம்மைவிட அவர் மிக அருகில். தள்ளுவண்டியைத் துணியால் போர்த்தி நிழல் செய்வதாக நினைக்கிறார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடுதான் ஏறும். வெயிலில் நின்ற இரும்புச் சறுக்குமரத்தில் முதலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள்.

பெரிய பூங்காக்களும் இதை அனுபவித்துத்தான் கற்றன. டிஸ்னிலாந்து திறக்கப்பட்ட 1955 ஜூலை 17 அன்று வெயில் 38 டிகிரி செல்சியஸை எட்டியது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். தாகத்தோடு அலைந்தவர்கள் திட்டினார்கள். நீங்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். தம்பி கேட்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி கொடுங்கள். காலையில் திறந்ததும் நுழைந்து, நண்பகலில் நிழலில் படுக்கவைப்பது நல்லது. அந்த வயதுக்கு இரவும் பகலுமாக 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலையில் அவர் தரையில் புரண்டு அழுதால் அது பிடிவாதம் அல்ல, தூக்கக் கடன்.

தண்ணீர் விளையாட்டுப் பகுதியில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். தலை கனத்தவர் குனிந்தால் கவிழ்வார், கவிழ்ந்தால் தாமே எழமாட்டார். ஒரு சாணுக்கும் குறைவான நீர் போதும், ஓரிரு நிமிடம் போதும். மூழ்கும் குழந்தை சத்தம் போடாது. வாய் நீருக்குள் இருக்கும்போது கூவ முடியுமா? எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்கவேண்டும். அந்தப் பொறுப்பை உங்களிடம் தந்தாலும் “நீங்களும் வாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

வேடம் கண்டு அழுவது ஏன்?

குலசைத் தசராவில் காளி, குரங்கு, கரடி என்று வேடமிட்டு வருவார்கள். பூங்காவில் கரடி பொம்மை உடுத்தி ஒருவர் கைகுலுக்க வருவார். நீங்கள் சிரிப்பீர்கள், இரண்டு வயதுக்காரர் வீறிடுவார். 1969-இல் அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டி வ்ரீஸ் ஓர் ஆய்வு வெளியிட்டார். மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டி, பிறகு அதற்கு நாய் முகமூடி மாட்டினார். ஆறு வயதுப் பிள்ளைகள், அது முகமூடி போட்ட பூனைதான் என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் பூனை நாயாகவே ஆகிவிட்டதாக நம்பினார்கள். தோற்றம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பது நாம் பிறந்தபின் மெல்லக் கற்ற பாடம். ஆகவே “போய்க் கைகொடு” என்று பிள்ளையைத் தள்ளாதீர்கள். தொலைவில் தூக்கிவைத்துக் காட்டுங்கள்.

காணாமற்போவதும் கண்மட்டத்தைப் பொறுத்ததே. கூட்டத்தில் ஒருமுறை குந்தி உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். முகங்களே தெரியாது, வேட்டியும் சேலையும் கால்களும்தான். அம்மாவின் சேலை நிறத்தில் இன்னொரு சேலை போனால் பிள்ளை அதன் பின்னே போய்விடும். காலையிலேயே அன்றைய உடையில் அவரைப் படம் எடுத்துவையுங்கள். தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம்; முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிவிடும். கண்ணில் படாவிட்டால் உடனே ஊழியரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அப்படியானால் பெரிய ராட்டினத்தில் யாருமே ஏறக் கூடாதா? தாராளமாக ஏறுங்கள். அப்பா ஏறும்போது அம்மா பிள்ளையோடு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளட்டும். டிஸ்னிப் பூங்காக்களில் இப்படி முறைமாற்றிக்கொள்பவர்கள் மறுபடியும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ளவர்களின் உயரத்தையும், உச்சந்தலையிலிருந்து மோவாய் வரையுள்ள நீளத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்து எழுதுங்கள். வயது கூடக் கூட ஈவு எப்படி மாறுகிறது? ஒவ்வொருவரையும் தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லுங்கள். எந்த வயதில் விரல் எட்டுகிறது என்று குறியுங்கள்.

பிறகு இந்தக் கணக்கு: ராட்டினம் ஒரு சுற்றுக்கு 8 வினாடி எடுக்கிறது. உள்வரிசைக் குதிரை மையத்திலிருந்து 2 மீட்டர். 12 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்துக்கொள்ள எத்தனை கிலோ தூக்கும் பலம் வேண்டும்?

விடை: ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ.